ரிமோட் கார் அடிக்கடி உடைகிறதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் ரிமோட் கார் பாகங்களைக் காசு கொடுத்து வாங்கும் முன், லேத் பட்டறைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் துண்டுத் தகடு கேட்டுப் பாருங்கள்.

● முன் பம்பருக்கு உலோகம் வேண்டாம். அடியை அப்படியே சேஸிஸுக்குக் கடத்திவிடும். பழைய தண்ணீர் டிரம்மின் பிளாஸ்டிக்கை வெட்டிப் பொருத்தினால் வளைந்து கொடுத்து அடியைத் தாங்கும். ரசாயனம் இருந்த டிரம்மைத் தொடவே தொடாதீர்கள்.

● ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகடு உடைந்தால், 3 மி.மீ. அலுமினியத் தகட்டின் மேல் உடைந்த பாகத்தை வைத்துக் கோடு போடுங்கள். சென்டர் பஞ்ச் அடித்த பிறகே துளையிடுங்கள். ஓரங்களை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

● உலோகத்தில் இறங்கும் திருகுக்கு நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் படக்கூடாது, விரிசல் விடலாம்.

● எல்லாவற்றையும் இரும்பாக்காதீர்கள். விலை குறைந்த சஸ்பென்ஷன் ஆர்ம் முதலில் உடைந்தால்தான் கியர்பாக்ஸ் தப்பும்.

● எடை கூடினால் மோட்டார் சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் மேல் விரல் வையுங்கள். சுட்டால், பல் குறைந்த பினியன் கியருக்கு மாறுங்கள்.

● திருகு முனை லித்தியம் பாலிமர் பேட்டரி பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. குத்தினால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது.

● லாரிகள் ஓடும் சிப்காட் சாலைகளில் பிள்ளைகளை ஓட்டவிடாதீர்கள், மைதானமே பாதுகாப்பு.