மருந்து எங்கே ஒட்டும்? கம்ப்யூட்டர் கணிக்கும் விதம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டுக் கேட்பது, கடிதம் டைப் செய்வது எனத் தொடங்குவார்கள். ஒரு மருந்து, கிருமியின் எந்த இடத்தைப் பிடித்துக் கொள்கிறது என்பதையும் அதே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். இன்டர்நெட் இணைப்பும் பிரவுசரும் போதும்.

பிணைப்பிடம் என்றால் என்ன?

நம் உடலிலும் கிருமிகளிலும் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி மடிந்து மடிந்து ஒரு வடிவத்தைப் பெறுகிறது. அதில் உள்ள பள்ளங்களில்தான் மருந்து போன்ற சிறு மூலக்கூறுகள் பெரும்பாலும் வந்து பொருந்துகின்றன. இதுவே பிணைப்பிடம்.

நீங்களே பாருங்கள்

1. ஆர்.சி.எஸ்.பி. டாட் ஓ.ஆர்.ஜி. என்ற தளத்திற்குச் செல்லுங்கள். 1971-ல் தொடங்கிய புரத வடிவங்களின் சேமிப்பகம் இது. கட்டணம் இல்லை.

2. தேடும் கட்டத்தில் 1, எச், எஸ், ஜி ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். எச்.ஐ.வி. வைரஸின் புரோட்டியேஸ் என்ற புரதம், இன்டினாவிர் என்ற மருந்துடன் சேர்ந்த நிலையில் கிடைக்கும்.

3. முப்பரிமாணப் படத்தைத் திறந்து, மவுஸின் இடது பட்டனை அழுத்தியபடி இழுங்கள், புரதம் சுழலும். வீலை உருட்டினால் அளவு மாறும்.

4. நடுவில் உள்ள மருந்தின் மீது கிளிக் செய்யுங்கள். சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் தெரியும்.

இதில் தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 25-வது இடத்தில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைத் தேடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் வைரஸின் நீண்ட புரதச் சங்கிலியைத் தேவையான துண்டுகளாக வெட்டுகின்றன. மருந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் வெட்டும் வேலை நிற்கிறது. புதிய வைரஸ்கள் முதிர்ச்சி அடையாமல், தொற்றும் திறனை இழக்கின்றன. 1996-ல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

கம்ப்யூட்டர் எப்படிக் கணிக்கிறது?

மருந்து ஒட்டிய படம் கிடைக்காதபோது கணிப்பு தேவைப்படுகிறது. முதல் வழி, புரதத்தின் மேற்பரப்பை அளந்து ஆழமான பள்ளங்களைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது வழி, பல உயிரினங்களில் உள்ள ஒரே வகைப் புரதத்தை ஒப்பிடுவது. மாறாமல் இருக்கும் அமினோ அமிலங்கள் முக்கியமான இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இடம் தெரிந்தபின் டாக்கிங் புரோகிராம் வேலையைத் தொடங்கும. மருந்தைப் பல கோணங்களில் திருப்பி, வளைத்து, பள்ளத்தில் பொருத்திப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும். இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோடாக் வினா இத்தகைய புரோகிராம். இதில் மதிப்பெண் மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு இறுக்கமான பிணைப்பு என்று பொருள்.

2024-ல் வெளியான ஆல்ஃபாஃபோல்டு 3, புரதத்தின் வடிவத்தையும் அதனுடன் சேரும் மூலக்கூறையும் ஒன்றாகவே கணிக்கிறது. அதே ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, புரத வடிவக் கணிப்புக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் வழங்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை

நல்ல மதிப்பெண் பெற்றதெல்லாம் மருந்தாகிவிடாது. உண்மையில் புரதம் அசையும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும். கணிப்பு, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் எவற்றை முதலில் சோதிக்கலாம் என்று சொல்லும். முடிவு சொல்வது ஆய்வகமும், அதன் பிறகு நோயாளிகளிடம் நடக்கும் சோதனையும்தான். எனவே, "கம்ப்யூட்டர் கண்டுபிடித்த மருந்து" என்று செய்தி வந்தால், எந்தக் கட்டம் வரை சோதித்தார்கள் என்று பாருங்கள்.