ஆளி விதைப் பொடி தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: இட்லிப் பொடியிலும் சப்பாத்தி மாவிலும் ஆளி விதைப் பொடி சேர்க்கிறேன். அதில் சயனைடு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: பயப்படாமல் சேருங்கள். சயனைடை உண்டாக்கும் சேர்மங்கள் ஆளி விதையில் உண்டுதான். ஆனால் தினம் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சாப்பிட்டால் வருகிற சிறு அளவை ஆரோக்கியமான உடல் தானே செயலிழக்கச் செய்துவிடும். வறுத்தால், சப்பாத்தியாகச் சுட்டால் இன்னும் குறையும். உணவில் முழு விதையையும் பொடியையும் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் ஆட்சேபம் சொல்லவில்லை. கிண்ணம் கிண்ணமாகப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் தவறு.

பொடிப்பது அவசியம், முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் (7 கிராம்) சுமார் 2 கிராம் நார்ச்சத்தும் 1.6 கிராம் ஒமேகா-3-உம் கிடைக்கும். மீன் சாப்பிடாத நம் சைவக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். ஆனாலும் மீனிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. ஆளியின் ஒமேகா-3-இல் சிறு பங்கையே உடல் மீன் வகையாக மாற்றிக்கொள்ளும்.

கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள். நார்ச்சத்து சேர்வதால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.