இரண்டாவது கேள்வி

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பிய நீளமான வாட்ஸாப்பைப் படித்தேன். இதற்குப் போனில் பதில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விடுதி மெஸ்ஸில் தட்டோடு நுழைந்தால் எல்லோரும் உன்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது என்கிறாய். பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். பாடகர் ஒருவரின் படம் போட்ட, வெளியே போட்டுப் போகவே சங்கடமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, ஒவ்வொருவராக மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்கூட இல்லை. உன் மெஸ்ஸில் அதுவும் இருக்காது. அவரவருக்குச் சாம்பாரில் காயைத் தேடவே நேரம் சரியாக இருக்கும்.

"கூச்சத்தை விடு, கலகலப்பாக இரு" என்று கல்யாண வீடுகளில் நம் சொந்தக்காரர்கள் சொல்வார்களே, அதை நான் சொல்ல மாட்டேன். சொல்லி யாருக்கும் கூச்சம் போனதாகத் தெரியவில்லை. காந்தியை எடுத்துக்கொள். லண்டனில் சட்டம் படித்த நாட்களில் சைவ உணவுக்காரர்களின் கூட்டமொன்றில் பேச எழுந்தார். எழுதி வைத்திருந்தது ஒரே ஒரு தாள். கண் மங்கி, உடம்பு நடுங்கி, கூட வந்தவர் அதை வாங்கிப் படிக்கவேண்டியதாயிற்று. ஊர் திரும்பி பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்குக்கு நின்றபோதும் ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. வழக்கையே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்து 1893-இல் தென்னாப்பிரிக்கா. பிரிட்டோரியாவில் இருந்த இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். வாழ்க்கையில் தன் முதல் பொதுப்பேச்சு அதுதான் என்று சுயசரிதையில் சொல்கிறார். எனக்கு அந்தப் பேச்சைவிட அதற்குப் பின் நடந்ததுதான் பிடிக்கும். யாருக்காவது ஆங்கிலம் வேண்டுமானால் தானே கற்றுத்தருவதாகச் சொன்னார். ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர் என்று மூன்று பேர் முன்வந்தார்கள். இவரே அவர்கள் இடத்துக்குப் போவார். சில நாள் போனால் அவர்கள் வேலையாக இருப்பார்கள். ஆனாலும் பொறுமை இழக்கவில்லை. முடிதிருத்துபவருக்குத் தன் வாடிக்கையாளர்களோடு பேசும் அளவுக்கு ஆங்கிலம் வந்தால் போதும். அதை அவரோடு பழகாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

கூச்சம் காந்தியை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. அவருக்குக் கவனிக்க வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நாமோ எதிரே ஆள் இருக்கும்போதே "நான் என்ன பேசுவது, எப்படித் தெரிகிறேன்" என்று நம்மையே கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் அறைத்தோழி ஊரிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து நீட்டினாள், "நல்லாருக்கு" என்றதோடு பேச்சு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். அங்கேயே ஒரு கேள்வி இருக்கிறது: "யார் போட்டது?" அவள் அப்பத்தா என்பாள். அப்பத்தா எப்படி, தனியாகவா இருக்கிறார் என்று கேள். முதல் கேள்வியை மரியாதைக்கு யாரும் கேட்பார்கள். பதிலைக் காதில் வாங்கியவர்தான் இரண்டாவதைக் கேட்க முடியும்.

ஆனால் கேட்டுக்கொண்டே போனால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். உன் பக்கமிருந்தும் ஏதாவது கொடு. "எனக்கு இங்கே வந்ததிலிருந்து சரியாகத் தூக்கமே வரலை" என்று ஒரு வரி போதும். அவளுக்கும் வராமலிருக்கலாம்.

சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு என்ன பாடோ. வேறு நாள் பார்க்கலாம். ஆனால் பயத்தில் சாப்பிடாமல், வகுப்புக்குப் போகாமல் இருக்கும் நிலை வந்தால் மறைக்காதே. கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் போய்ப் பார். இல்லையென்றால் எனக்குப் போன் செய், டாக்டரிடம் நான் கூட்டிப் போகிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை