கைத்தொலைபேசியின் வேகமும் கடைக் கல்லாவும்

கியா பார்மில் காய்கறி, தேயிலை, ஸ்ட்ராபெரி விற்கும் வணிகச் சகோதரர்களுக்குப் பள்ளி விடுமுறை நாட்களில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. வேகமான இணைப்புக்குத்தானே மாதாமாதம் பணம் கட்டுகிறோம். கூட்டம் நிற்கும் வேளையில் மட்டும் ஏன் இழுக்கிறது? இதற்கு விடை காணுமுன் வேகம் என்றால் யாதென அறிவோம்.

தகவலின் மிகச் சிறிய அளவு பிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். கம்பெனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. படத்தின் பருமனோ மெகாபைட்டில் உள்ளது. எனவே 4 மெகாபைட் படம் 32 மெகாபிட் ஆகும். அதை அனுப்ப, விநாடிக்கு 0.2 மெகாபிட் தரும் இரண்டாம் தலைமுறை இணைப்பில் 160 விநாடி ஆகும். 2 மெகாபிட் தரும் மூன்றாம் தலைமுறையில் 16 விநாடி. 20 மெகாபிட் தரும் நான்காம் தலைமுறையில் 2 விநாடிக்கும் குறைவு.

மலேசியாவில் 2020ல் தொடங்கிய ஜெண்டெலா திட்டம், சராசரி வேகத்தை 25 மெகாபிட்டிலிருந்து 35க்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை மூடப்பட்டது. அதே டிசம்பரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது.

ஆயினும் மலைநாட்டுக்குத் தனி நியதி உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தூரம் செல்லும், சுமப்பது குறைவு. 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மிகுதியாகச் சுமக்கும். குன்று குறுக்கிட்டால் தளர்ந்துவிடும். மேலும், ஒரு கோபுரத்தின் வேகம் அதன் கீழுள்ள அனைவருக்கும் பொதுச் சொத்து. பத்துப் பேர் பங்கிட்டதை ஆயிரம் பேர் பங்கிட்டால் எவருக்கும் சிறிதே கிட்டும்.

இனி கல்லா விஷயம். கியூஆர் அட்டை வழியே பணம் செலுத்தும் செய்தி மிகச் சிறியது. அதற்குப் பெருவேகம் வேண்டியதில்லை. வேண்டியது தடையில்லாத தொடர்பும் விரைவான மறுமொழியுமே. ஆகவே கூடுதல் விலைத் திட்டம் வாங்குமுன், கூட்ட நாளில் நம் கடை வாசலில் எந்தக் கம்பெனியின் தொடர்பு அறுபடாமல் நிற்கிறதென்று சோதித்துப் பார்ப்போம். இயலுமாயின் கம்பிவழி இணைப்பு ஒன்றும் வைத்துக்கொள்வோம்.

மறுமொழி தாமதித்தால், வாடிக்கைக்காரரின் திரையை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்கலாகாது. அவரை உடனே மறுமுறை செலுத்தச் சொல்வதும் நேர்மையாகாது. நம் கணக்கில் பணம் சேர்ந்ததா எனப் பார்ப்பதே இருவருக்கும் நஷ்டமில்லாத வழி.