மாசாமாசம் எதற்கு?

அன்பு மகளுக்கு,

செந்துறைப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் நீ பயிற்சிக்குச் சேர்ந்ததை அறிந்து மகிழ்ந்தேன். உன் கடிதத்தில் இருந்த ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. “பெரம்பலூர்ல ஸ்கேன் எடுத்துட்டோம், புள்ள நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு நர்சம்மா மாசாமாசம் வந்து அதே பிரஷரையும் அதே எடையையும் பாக்கணும்?” என்று ஒரு பெண் கேட்டாள், உனக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய்.

பதில் வராதது உன் குற்றமில்லை. பரிசோதனை என்றாலே ஸ்கேன்தான் என்று ஊர் முழுக்க நம்பத் தொடங்கிவிட்டது. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அவர்கள் சொல்லும் பெரிய ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பது. குழந்தையின் தலை, முதுகெலும்பு, இதயம், கைகால் ஆகியவற்றின் அமைப்பை அது காட்டும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயோ பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அந்த நோய் தொடங்கியே இருக்காது. அப்புறம் எந்தப் படத்தில் அது தெரியும்? அந்தப் பெண்ணிடம் முதலில் இதைச் சொல்.

கர்ப்பிணியை நான்கு முறை பார்க்க வேண்டும், முதல் முறை 12 வாரத்துக்குள் என்பதும், எச்.ஐ.வி., பால்வினை நோய், ரத்த வகைப் பரிசோதனைகளும் உனக்குத் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன். நான்கு என்பது குறைந்தபட்சம் என்பதை மட்டும் மறக்காதே. உலக சுகாதார நிறுவனமே 2016இல் நான்கை எட்டாக உயர்த்தியது.

ரத்தக்கொதிப்புக்கு வரம்பு 140/90 என்ற எண்ணை நீ மனப்பாடம் செய்திருப்பாய். அந்த எண்ணுக்காகக் காத்திருக்காதே. மூன்றாம் மாதம் 100/60 இருந்தவளுக்கு ஏழாம் மாதம் 132/84 என்று வந்தால், அவள் அந்த வரம்பைத் தாண்டவில்லைதான். ஆனால் அவளது பரிசோதனை அட்டையில் முந்தைய வரிகளைப் பார்த்த செவிலி, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட்டு, அவளை அடுத்த வாரமே வரச் சொல்வாள். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று கேட்பாள். “மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்” என்று மாமியார் சொல்வதை அப்படியே ஏற்காமல், காலையில் எழும்போது முகம் ஊதியிருக்கிறதா, வளையல் இறுகுகிறதா என்று விசாரிப்பாள். ஒரு நாள் எடுத்த எண் ஊமை, மகளே. அதற்கு முந்தைய எண்ணின் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும். மாசாமாசம் எதற்கு என்பதற்கு இதுதான் விடை.

வயிற்றை அளக்கும் டேப்பும் அப்படித்தான். 24 வாரத்துக்கு மேல் வாரமும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும். 28 வாரத்தில் 28, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்கச் சொல், இல்லாவிட்டால் அளவு பொய்யாகிவிடும். 30 வாரத்தில் 28, 32 வாரத்திலும் அதே 28 என்றால் குழந்தை வளர்ச்சியில் தேங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு மருத்துவரிடம் அனுப்பு. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டிய நேரம் எது என்பதையே இந்த டேப்தான் சொல்லும்.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது என்று படித்திருக்கிறாய். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவு கூடுவதில்லை. அதனால் ஆரோக்கியமானவளுக்கும் நடுமாதங்களில் எண் கொஞ்சம் இறங்கும். இயல்பான இறக்கம் எது, ஆபத்தான சரிவு எது என்று பிரித்தறிய மறுபடியும் எண்களின் வரிசைதான் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பருத்தி எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் முந்திரி பொறுக்கவும் போகும் பெண்களைப் பார்க்கும் உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீ கையில் கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இந்த ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளிப் பெண்கள் ஒருவகை ரத்தசோகையில் ஏன் சாகிறார்கள் என்று ஆராய வந்தவர். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று நாம் அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் இருந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றுகிறது என்று கண்டு, அதே ஆண்டு எழுதினார். அதிலிருந்த பொருள் என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது. 1941இல்தான் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டு ஏழைப் பெண்களின் ரத்தத்திலிருந்து கற்ற பாடம் அந்த மாத்திரைக்குள் இருக்கிறது. அதைத்தான் “சத்து மாத்திரை தின்னா புள்ள கறுத்துப் போயிடும்” என்று குப்பையில் போடுகிறார்கள்!

கறுப்பது மலம். உடலில் சேராத இரும்பு அப்படி வெளியேறுகிறது. குழந்தையின் நிறம் தாய் தந்தை வழியாக வருவது, மாத்திரையும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது. இதைச் சொல்லத் தயங்காதே. குமட்டினால் இரவு சாப்பிட்டபின் போடச் சொல். டீயோடு மட்டும் வேண்டாம், டீ இரும்பை உடலில் சேரவிடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடட்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. “மாத்திரை சாப்பிட்டியா?” என்று கேட்காதே, “ஆமா” என்றுதான் சொல்வாள். எத்தனை மீதி இருக்கிறது என்று கேள்.

குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பதற்கும் முணுமுணுப்பார்கள், “எங்க வம்சத்துலயே சுகர் இல்ல” என்பார்கள். வம்சத்தில் இல்லாதவளுக்கும் கர்ப்பத்தில் வரும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவரோடு இருந்தவர்களும் வெறும் வயிறு தேவையில்லாத முறையை முன்வைத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கவனம். ஒரே பஸ்ஸைப் பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணை “நாளைக்கு வெறும் வயிற்றோடு வா” என்று திருப்பி அனுப்பினால் அவள் வரமாட்டாள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது. 2007இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்று முந்தைய முறையே சொல்லி வை. துணைக்கு ஆளோடு வரட்டும்.

இன்னொன்று. “முத்துலட்சுமி ரெட்டி பணத்துக்காகத்தான் வர்றாங்க” என்று உன்னோடு வேலை பார்ப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். நீ அந்தப் பேச்சில் சேராதே. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அந்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. உன்னிடம் வரும் ஒவ்வொரு நாளும் அந்தக் கர்ப்பிணி ஒரு நாள் கூலியை விடுகிறாள். அந்தப் பணம் அவளுக்கு உரியது.

இந்த எண்களின் வரிசை அறுந்துபோகும் இடம் எது தெரியுமா? வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். ரத்தக்கொதிப்பு கூடும் மாதங்களும் அவைதான். ஜெயங்கொண்டத்துக்கோ திருப்பூருக்கோ போனவளின் அட்டை மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்கும். புது ஊர்ச் செவிலி முதலிலிருந்து தொடங்குவாள், அவளுக்கு 130/84 சாதாரணமாகத் தெரியும். ஆகவே ஐந்தாம் மாதமே வளைகாப்பு எப்போது, தாய்வீடு எந்த ஊர் என்று கேட்டு உன் பதிவேட்டில் எழுது. பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை அட்டையிலும் அவள் கணவன் போனிலும் பதியச் சொல். போகும் வாரம் அந்த ஊர்ச் செவிலிக்கு நீயே போன் செய்து, கடைசி மூன்று ரத்த அழுத்த அளவுகளையும் ஹீமோகுளோபினையும் படித்துக் காட்டு. அவர் சரியாக எழுதிக்கொண்டாரா என்று அறிய, அவரையே திருப்பிப் படிக்கச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியை