எரிவாயுவில் ஓடும் சிறு ஜெனரேட்டர்: எவ்வளவு வாயு செலவாகும்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கம் தீவிலும், அக்கரையில் ஜீயபுரம், முத்தரசநல்லூர் பகுதிகளிலும் வாழை பயிரிடும் உழவர்கள், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வந்த பிறகு மின்தடையை முன்னைவிட அதிகமாக உணர்கிறார்கள். வாய்க்கால் பாசனத்தில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் மண்ணின் ஈரம் தாங்கிக்கொள்ளும். சொட்டுநீரில் அன்றன்றைக்குக் கொடுப்பதுதான் கணக்கு. குலை தள்ளும் பருவத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றால் காய் பருமன் குறைந்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் ஜெனரேட்டரைத் தேட வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது.

இப்பொழுது பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடக்கூடிய, கையால் நகர்த்தக்கூடிய சிறு ஜெனரேட்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றைப் பற்றி உழவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்பதே. இதற்குக் கடைக்காரர் சொல்லும் பதிலை நம்ப வேண்டியதில்லை. நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன் இரண்டு செய்திகள். வீட்டுச் சமையலுக்கு வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டரை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டரையே முறைப்படி வாங்க வேண்டும். இரண்டாவது, கிணற்றில் பொருத்தியுள்ள 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை ஒருமுனை மின்சாரம் தரும் சிறு ஜெனரேட்டர் ஓட்டாது. இது தெரியாமல் ஜெனரேட்டரை வாங்கிவந்து, பிறகு அதை வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1.1 கிலோவாட் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு மின்னோட்டம் கேட்கும். ஆகவே அதற்கு 3 கே.வி.ஏ. அளவுள்ள ஜெனரேட்டராவது தேவை. எரிவாயுவில் ஓட்டும்போது பெட்ரோலைவிடத் திறன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் மனத்தில் கொள்ளவும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ எரிவாயுவில் அடங்கியுள்ள வெப்பம் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சிறு எஞ்சின் இதில் நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பதினெட்டுப் பங்கைத்தான் மின்சாரமாக மாற்றித் தரும். மீதி சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் உடல் வழியாகவும் சூடாகவே வெளியேறிவிடும். இதன்படி, நல்ல பளுவில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு யூனிட்டுக்கு 0.45 முதல் 0.5 கிலோவும், பாதிப் பளுவில் ஏறத்தாழ 0.6 கிலோவும் செலவாகும். பளு மிகக் குறைந்தால் இந்தச் செலவு இன்னும் ஏறும். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் போட்டுவிட்டு இரவு முழுவதும் ஓட்டுவதுதான் எரிவாயுவை வீணாக்க மிகச் சுலபமான வழி. எஞ்சின் வெறுமனே சுழல்வதற்கே பெரும்பகுதி வாயு போய்விடும்.

தண்ணீர் இறைக்க எத்தனை யூனிட் தேவை என்பதற்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு. இறைக்கும் தண்ணீரை லிட்டரிலும், மொத்த ஏற்ற உயரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 1,28,000 ஆல் வகுக்கவும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு 35 பங்கு திறனில் வேலை செய்கின்றன என்று கொண்டு இந்த எண் கூறப்படுகிறது. பம்பு பழையதாக இருந்தால் செலவு இதற்கு மேலாகும்.

ஒரு ஏக்கரில் 1,200 வாழை, மரத்துக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 18,000 லிட்டர். தண்ணீர் மட்டம் 10 மீட்டர், சொட்டுநீர்க் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் 15 மீட்டர், ஆக 25 மீட்டர். பெருக்கி வகுத்தால் 3.5 யூனிட் வரும். யூனிட்டுக்கு 0.6 கிலோ வீதம் 2.1 கிலோ வாயு. 19 கிலோ சிலிண்டர் ஒன்று ஒன்பது நாளைக்கு வரும். மோட்டார் நாள்தோறும் மூன்று மணிக்குச் சற்று மேல் ஓடும்.

அதே ஏக்கருக்கு வாய்க்கால் வழியாக 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டுவதானால் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஏற்றம் 10 மீட்டர்தான் என்றாலும் 15.6 யூனிட் ஆகிறது. ஒரே பாசனத்துக்கு 9 கிலோவுக்கு மேல், அதாவது பாதி சிலிண்டர், போய்விடும். ஆகவே வெள்ளப் பாசனத்துக்கு இந்த ஜெனரேட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எஞ்சினில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டும்போது இரண்டு இடத்தில் இழப்பு உண்டாகிறது. பம்புடன் நேரே இணைத்த டீசல் எஞ்சின் இந்த வேலைக்கு மேலானது. சொட்டுநீர், திசு வளர்ப்புக் கன்றுகளைப் பராமரிக்கும் நிழல்வலைக்கூடம், கோழிக்குஞ்சு அடைகாப்புக் கொட்டகை ஆகியவற்றுக்குத்தான் சிறு ஜெனரேட்டர் பொருத்தமானது.

மேலே கூறியவை மதிப்பீடுகளே. தங்கள் ஜெனரேட்டரின் உண்மையான செலவை அறிய, ஒரு மேடைத் தராசும், மின்கடைக்காரர்களிடம் கிடைக்கும் சப்-மீட்டரும் போதும். ஓட்டுமுன் சிலிண்டரை நிறுத்து எழுதிக்கொள்ளவும். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று மணி நேரம் வழக்கமான பளுவில் ஓட்டியபின் மீண்டும் நிறுக்கவும். 33.4 கிலோ இருந்தது 31.3 ஆகி, மீட்டர் 3.5 யூனிட் காட்டினால், 2.1-ஐ 3.5 ஆல் வகுக்க 0.6 கிடைக்கும். சிலிண்டரின் அன்றைய விலையை 19 ஆல் வகுத்து 0.6 ஆல் பெருக்கினால் ஒரு யூனிட்டின் விலை தெரிந்துவிடும். வணிக சிலிண்டரின் விலை மாதந்தோறும் மாறுவதால், இந்தக் கணக்கை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து மீண்டும் நிறுத்துப் பார்க்கையில் 0.6 என்பது 0.75 ஆகியிருந்தால், காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் முதலில் கவனிக்கவும்.

நான் ஒரு முறை ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, சித்திரை வெயிலில் சிலிண்டரின் அடிப்பாகத்தில் வெண்பனி படிந்திருந்தது. சிலிண்டர் ஒழுகுகிறது என்று தோட்டக்காரர் பயந்துவிட்டார். ஒழுகவில்லை. உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாவதற்குச் சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. வேகமாக எடுக்க எடுக்க அது குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, எஞ்சின் திணறும். திரவம் பாதிக்குமேல் குறைந்த சிலிண்டரில் இது விரைவில் நேரும். பளுவைக் குறைக்கலாம், அல்லது தகுதியுள்ள பணியாளரைக் கொண்டு இரண்டு சிலிண்டர்களை இணைத்து ஓட்டலாம். தீயாலோ கொதிநீராலோ சிலிண்டரைச் சூடாக்குவது உயிருக்கு ஆபத்து. சிலிண்டரைப் படுக்கவைக்கவும் கூடாது. திரவம் நேரே ரெகுலேட்டருக்குள் சென்றுவிடும்.

இனி கூறுவதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டவும். எரிவாயு புகையில்லாமல் எரிகிறது, ஆகவே கேடில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. எந்த எஞ்சினின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மோட்டார் கொட்டகைக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டினால், உள்ளே உறங்குபவர் விழிக்காமலே போகலாம். திறந்த வெளியில், வாசலுக்கும் சன்னலுக்கும் தொலைவில் வைத்து, மேலே தகரம் மட்டும் போடவும்.

ஒழுகிய எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் பள்ளம் தேடி இறங்கும். நம் பகுதிக் கிணறுகளில் மோட்டார் தட்டு ஆழத்தில் இருக்கிறது. கிணற்றின் விளிம்பில் சிலிண்டரை வைத்து, கீழே சுவிட்சைப் போடும்போது ஒரு பொறி எழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டரைக் கிணற்றுக்கும் எஞ்சினுக்கும் குறைந்தது பத்தடி தள்ளி, சைலன்சருக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தவும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதிக்கவும். குமிழி வந்தால் ஓட்டக் கூடாது.

வீட்டு இணைப்பில் சேர்ப்பதானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பிளக்கில் செருகினால், ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் செல்லும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் நம் ஊர்க்காரராகவும் இருக்கக்கூடும்.

மழைக்காலம் முடிந்து நிறுத்திவைக்கும்போது, பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிடவும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரைக் கெடுக்கும். எரிவாயுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாதம் ஒரு முறை கால் மணி நேரம், மோட்டாரையும் இணைத்து ஓட்டிப் பார்த்து, சிலிண்டரின் எடையைக் குறித்துவைத்தால் போதும்.