தீ உமிழும் மகிழுந்து

ராலி பந்தயத்தில் ஓடும் மகிழுந்து ஒரு வளைவில் வேகம் தணிகிறது. உடனே அதன் புகைக்குழாயிலிருந்து ‘படார்’ என்னும் ஒலியுடன் தீச்சுடர் பாய்கிறது. இது ஏன்?

அம்மகிழுந்தில் டர்போ என்னும் கருவி உள்ளது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, டர்போவிலுள்ள சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு இணைந்த விசிறி எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைச் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

ஓட்டுநர் வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும், சக்கரம் தளரும். மீண்டும் மிதித்தவுடன் முழு விசை கிடைக்காது. இத்தாமதத்தைத் தவிர்க்க, பந்தய வண்டிகளில் எரிபொருளின் ஒரு பகுதியை எஞ்சினுக்கு வெளியே, சூடான குழாயிலேயே எரியச் செய்கின்றனர். அதனால் எழும் சூடான வாயு சக்கரத்தைத் தளரவிடாது. அங்கும் எரியாமல் மிஞ்சுவதே குழாயின் வாயில் சுடராகிறது.

ஆகவே, சுடர் வலிமையின் அடையாளம் அன்று. வீணாகும் எரிபொருளின் அடையாளம். அவ்வெப்பம் டர்போவையும் விரைவில் பழுதாக்கும். சில நொடிகள் முந்துவதற்காகப் பந்தயக் குழுவினர் இவ்விழப்பை ஏற்கின்றனர். நாம் பயணம் செய்யும் வண்டிக்கு அது தேவையில்லை.

வினா: சுடர் வலிமையின் அடையாளம் அன்று எனக் கூறுவது ஏன்?